மிஸ் டெல்டா

நெல்லைக் காலால் துழாவுவதற்கு ஒரு நடை உண்டு. பாதத்தைத் தரையிலிருந்து எடுக்கக் கூடாது. விரல்களைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி, பாதத்தை நெல்லுக்குள் புதைத்து, சர்ர் சர்ர் என்று இழுத்துக்கொண்டே போக வேண்டும். கால் போன வழியில் சால் விழும். அடியில் கிடந்த ஈர நெல் மேலே வரும், மேலே காய்ந்தது கீழே போகும். அந்தக் கோடிவரை போய்த் திரும்பி, முன்பு விழுந்த சாலுக்குப் பக்கத்திலேயே அடுத்த சால். வெயில் இருக்கும்வரை அரை மணிக்கொரு தடவை இதுதான் வேலை. சிலர் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். எனக்கு அப்படி வராது. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் கொஞ்சம் விரித்துக்கொள்வேன், இல்லையென்றால் தடுமாறும்.

பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். நானே சிரித்திருக்கிறேன்.

எங்கள் ஊர் ஒரத்தநாடு பக்கம். குறுவை அறுப்பு வந்தால் தார்ச்சாலையில் பாதி எங்களுக்கு, பாதி வண்டிகளுக்கு. மிஷின் அறுத்துக் கொட்டுகிற நெல் ஈரமாகவே இருக்கும். கொள்முதல் நிலையத்தில் ஒரு சின்ன மிஷினில் நெல்லைப் போட்டு ஈரம் பார்ப்பார்கள். எண் கூடுதலாகக் காட்டினால் அள்ளிக்கொண்டு போ என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் ஊரில் இருந்த ஒரே களமும் வெடித்துக் கிடக்கிறது. சாலையில் நெல் போடுவது தப்பு என்று கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கிப் பாடம் நடத்துவார்கள். தப்புதான். களம் கட்டிக் கொடுங்கள், அப்புறம் பேசலாம்.

நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குறுவைக்கு இரண்டு நாள் லீவு போட்டிருந்தேன். அப்பா கொள்முதல் நிலையத்தில் வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார். அம்மாவும் நானும் சாலையில். நைட்டி, அதன்மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. நெல் சுணைக்கும் வெயிலுக்கும் அதைவிடத் தோதான உடுப்பு கிடையாது. நான் துழாவிக்கொண்டிருந்தபோது டவுன் பஸ் ஒன்று நெல்லுக்காக ஒதுங்கி மெதுவாகப் போனது. அதில் எங்கள் வகுப்புப் பையன்கள் இருந்தது எனக்குத் தெரியாது. ஒரத்தநாட்டில் ஏதோ கிரிக்கெட் மேட்ச் பார்க்கப் போயிருக்கிறார்கள்.

மறுநாள் நான் கல்லூரிக்குப் போவதற்கு முன்பே வீடியோ போய்விட்டது. வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிற தோழிதான் போனை நீட்டினாள். பஸ் ஜன்னல் கம்பிக்கு இடையில் நான். வேகத்தைக் குறைத்து, குத்துப்பாட்டு ஒன்றைப் போட்டு, என் ஒவ்வொரு சர்ருக்கும் ஒரு அடி விழுகிற மாதிரி வெட்டி ஒட்டியிருந்தார்கள். நைட்டிக்கு மேலே குறுக்காக ஒரு பட்டையும் தலைத்துண்டுக்கு மேல் ஒரு கிரீடமும் வரைந்திருந்தது. கீழே ‘மிஸ் டெல்டா’.

நன்றாகத்தான் செய்திருந்தான். அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். அரைகுறையாகச் செய்திருந்தால் அன்றைக்கே செத்திருக்கும்.

செய்தவன் யாரென்று ஒளிவு மறைவெல்லாம் இல்லை. அவன் நடத்துகிற பக்கத்தில்தான் வந்தது. கல்லூரியில் பாதிப் பேர் பார்க்கிற மீம்ஸ் பக்கம் அவனுடையது. எங்கள் வகுப்பு, மூன்றாவது பெஞ்ச். நான் போகிற பஸ்ஸில்தான் அவனும் வருவான், எங்கள் ஊருக்கு மூன்று ஸ்டாப் முன்னால், தண்ணீர்த் தொட்டி ஸ்டாப்பில் இறங்குவான். அப்பாவுக்கு ‘பிசினஸ்’ என்று சொல்லுவான். என்ன பிசினஸ் என்று யாரும் கேட்டதில்லை.

வீடியோவோடு போயிருந்தால் விட்டிருப்பேன். ஆனால் அது நடையாகிவிட்டது. காலையில் கேட்டைத் தாண்டினால் எனக்குப் பின்னால் சர்ர் சர்ர் என்று செருப்பு இழுபடும். திரும்பினால் நான்கைந்து பேர் கைகளை விரித்துக்கொண்டு வருவார்கள். “மிஸ் டெல்டா வர்றாங்க, வழிய விடுங்கடா.” எங்களுக்குப் பாடமே எடுக்காத துறைகளின் பிள்ளைகள்கூட வராந்தாவில் அப்படி நடந்து வீடியோ எடுத்துப் போட்டார்கள். அதற்கு சேலஞ்ச் என்று பெயர் வைத்தார்கள். வகுப்புக் குரூப்பில் நான் ஒரு சந்தேகம் கேட்டால் பதிலுக்கு என் ஸ்டிக்கர் வரும். நான் வரி வரியாகக் கணக்கு எழுதி அனுப்பினாலும் ஸ்டிக்கர்தான் வரும்.

ஒரு மாதத்தில் எனக்கு நடக்கத் தெரியாமல் போய்விட்டது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பாதம் தரையில் உரசக் கூடாதே என்று காலைத் தூக்கித் தூக்கி வைத்தேன். இரண்டாம் மாடிப் படியில் தூக்கின கால் படியைத் தட்டி, நோட்டும் டப்பாவுமாக விழுந்தேன். முழங்கால் கிழிந்தது. மேலேயிருந்து ஒருவன் அதையும் வீடியோ எடுத்தான். துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “ரெண்டு நாள் போன ஆஃப் பண்ணி வையும்மா, தானா அடங்கிடும்” என்றார். என் போனை நான் அணைத்தால் அவர்கள் செருப்பு எப்படி அணையும் என்று கேட்க அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இப்போது வரும்.

இதற்குள் எங்கள் இரண்டாவது வயலும் அறுப்புக்கு வந்துவிட்டது. முன்னதைவிடக் கூடுதல் ஈரம். வானமும் சரியில்லை, இரண்டு நாள் வெயில் கிடைத்தாலே பெரிது. மறுபடியும் அப்பா வரிசைக்குப் போனார். அம்மா சமைத்து அவருக்குச் சோறு கொண்டுபோக வேண்டும். “ரெண்டு மணி நேரத்துல வந்துர்றேன். அரை மணிக்கொரு தடவ துழாவி விட்டுரு” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

நான் துழாவவில்லை.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். நெல்லில் கால் வைத்தேன். தூரத்தில் பஸ் வருகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் படுதா சுருட்டி வைத்திருந்த இடத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டேன். பஸ் போனது. எழுந்தேன். பைக் வந்தது. குந்தினேன். பைக்கில் வருகிறவன் கையிலும் போன் இருக்குமே. அந்தச் சாலையில் ஒரு நிமிடத்துக்கு ஒரு வண்டி வரும். அன்றைக்கு வந்த எல்லா வண்டிக்கும் நான் குந்தினேன். அம்மா திரும்பி வருகிறபோது கையால் மேலாக நான்கு கோடு இழுத்து வைத்தேன், துழாவின மாதிரி தெரிய.

மேல் நெல் நன்றாகக் காய்ந்திருந்தது. அம்மா ஒரு பிடி அள்ளிக் கடித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். என்னை நம்பி, அடி நெல்லைப் பார்க்கவில்லை. சாயங்காலம் மூட்டைகள் கொள்முதல் நிலையத்துக்குப் போயின. மிஷின் நடு மூட்டையின் அடி நெல்லைப் பார்த்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, ஈரம் ஈரம்தான். திரும்பி வந்த நெல்லைக் கொட்டிப் படுதா போட்டு மூடினோம். அன்று இரவே மழை பிடித்தது, மூன்று நாள் விடவில்லை. நான்காம் நாள் அப்பா படுதாவைத் தூக்கியபோது நெல்லெல்லாம் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. அப்பா ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என்னிடம், “அன்னிக்குக் காலு ஏதும் வலிச்சிதாம்மா?” என்றார்.

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். உள்ளே போய் அழுதேன். ஆன்லைனில் நடப்பதெல்லாம் விளையாட்டு, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறவர்கள் அந்தப் படுதாவைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த வாரமே இன்னொன்றும் வந்து சேர்ந்தது. ரேஷன் கடையில் ஒரு அம்மாள் என் அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, “ஒம் பொண்ணு வீடியோ ஏதோ வந்துருச்சாமே, ஒரு இடத்தப் பார்த்து முடிச்சு வச்சிரு” என்றிருக்கிறாள். அவள் வீடியோவைப் பார்த்ததில்லை. ஒரு பெண்ணின் வீடியோ வந்தது என்றால் அது என்ன வீடியோ என்று ஊருக்குப் பார்க்காமலே தெரியும். கூடையை வைத்துவிட்டு அம்மா நேராக என்னிடம் வந்தாள்.

“என்னடி வீடியோ? எங்கிட்ட காட்டு.”

நான் காட்ட மாட்டேன் என்றேன். கல்லூரியை நிறுத்திக்கொள்கிறேன் என்றேன். பி.எட். படித்து டீச்சராக வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “சரிம்மா, உன் இஷ்டம்” என்றார். அவ்வளவு சுலபமாக அவர் சொன்னதும் எனக்குப் பகீரென்றது. ஒருவராவது என்னோடு சண்டை போடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். பாட்டோடும் கிரீடத்தோடும் முழுதாகப் பார்த்தாள். இரண்டாம் முறை கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு பார்த்தாள். நான் சுவரைப் பார்த்து நின்றேன்.

“நல்லாத்தானே துழாவியிருக்க” என்றாள். “கடைசி சாலு மட்டும் கோணிக்கிட்டுப் போவுது. அதுக்கா சிரிக்கிறாங்க?”

அவள் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே கேட்டாள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவள் தேடித் தேடிப் பார்த்து, கோணல் சாலைத் தவிர ஒன்றும் கிடைக்காமல் கேட்டாள். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். சிரித்தபிறகு பயங்கரக் கோபம் வந்தது. இத்தனை நாள் அந்த வீடியோவை நான் அவன் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“அந்தப் பையன் வீட்டுல என்ன பண்றாங்க? வெவசாயமில்லையா?”

“பிசினஸாம்.”

“அப்பச் சரி, அவனுக்கு எங்க தெரியப்போவுது” என்றாள் அம்மா.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சித்தி போன் செய்தாள். உன் அம்மா ஸ்டேட்டஸைப் பார்த்தாயா என்றாள். அம்மா அந்த வீடியோவைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள். பாட்டு, கிரீடம், ‘மிஸ் டெல்டா’ எல்லாம் அப்படியே. கீழே எழுதத் தெரியாமல், எல்லாவற்றுக்கும் போடுகிற கை கூப்பும் படத்தைப் போட்டிருந்தாள். உறவு, ஊர், மகளிர் குழு, ரேஷன் கடை அம்மாள், எல்லாரும் பார்த்தாயிற்று. எடு என்று கத்தினேன். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

“பார்க்காதவங்கதான் பேசுறாங்க. பார்த்துட்டுப் பேசட்டும்.”

ஒரு நாள் முழுக்க அது அங்கே இருந்தது. சாயங்காலம் மகளிர் குழுவிலிருந்து ஒரு அம்மா, என் பெண் ஒரு நாளும் நெல்லில் கால் வைத்ததில்லை, கொடுத்துவைத்தவள் நீ என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். ரேஷன் கடை அம்மாளிடமிருந்து சத்தமே இல்லை.

திங்கட்கிழமை கல்லூரிக்குப் போனேன். கேட்டைத் தாண்டினேன். பின்னால் சர்ர் சர்ர் ஆரம்பித்தது. நின்றேன். திரும்பி, முன்னால் வந்தவன் காலைப் பார்த்தேன்.

“மொதல்ல செருப்பக் கழட்டு. நெல்லுல யாரும் செருப்போட கால் வைக்க மாட்டாங்க” என்றேன். “பாதத்தத் தூக்குற பாரு, அப்படித் தூக்கினா சால் விழாது. விரல வெளிப்பக்கம் திருப்பு.”

அவன் முழித்தான். பக்கத்தில் நின்றவர்கள் இந்த முறை அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்று மத்தியானம் எழுத்தில் புகார் கொடுத்தேன். பெயர், நாள், பக்கம், ஸ்டிக்கர் அனுப்பின ஒவ்வொருவரின் எண் எல்லாம் எழுதினேன். துறைத்தலைவர் கண்ணாடியைத் துடைக்க நேரமில்லாமல் படித்தார்.

அவனைக் கூப்பிட்டு என் முன்னால் நிறுத்தினார்கள். “ஜாலிக்குத்தான் சார் போட்டேன்” என்றான். என்னைப் பார்த்து, “உன் முகங்கூட அதுல சரியாத் தெரியலையே, அப்பறம் என்ன?” என்றான். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தான், வீடியோவை எடுத்தான். எடுப்பதற்குள் எத்தனை போனுக்குப் போயிருந்ததோ, அவை இன்னும் இருக்கின்றன. கடிதத்தில் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன் என்று எழுதியிருந்தான். புண்பட்டிருந்தாலாம். எங்கள் நெல் முளைத்தது அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை, அவனிடம் அழுகிற மாதிரி ஆகிவிடும் என்று.

பேச்சு குறைந்தது. முழுதாகப் போகவில்லை. நான் நடந்தேன், அவ்வளவுதான். சில நாள் வேண்டுமென்றே செருப்பை இழுத்துக்கொண்டும் நடந்தேன்.

அடுத்த குறுவையில் நாங்கள் இறுதியாண்டு. ஒரு நாள் நான்கு மணி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. தண்ணீர்த் தொட்டி ஸ்டாப் வருவதற்கு முன்பே பஸ் மெதுவாகி நின்றது. எதிரே லாரி, இந்தப் பக்கம் சாலை நெடுக நெல். ஒரு அம்மா தனியாக ஓடி ஓடிப் பலகையால் நெல்லை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். நைட்டி, அதன்மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. பஸ்ஸைப் பார்த்ததும் பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்து படியில் நின்ற கண்டக்டரிடம் கேட்டாள்.

“எம் புள்ள வந்திருக்கானான்னு பாருங்களேன். தஞ்சாவூர் காலேஜு, மூணாவது வருசம் கணக்கு படிக்கிறான். மழ வருது, எறங்கச் சொல்லுங்க.”

நான் முன் சீட்டில் இருந்தேன். எங்கள் வகுப்பில் அந்த ஸ்டாப்பில் இறங்குகிறவன் ஒருவன்தான். திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் அவன் குனிந்து ஷூ லேசைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டிக்கொண்டே இருந்தான். கண்டக்டர் இரண்டு முறை ஸ்டாப் பேர் சொல்லிக் கத்தினார். அவன் எழவில்லை. அதற்குள் நடுவில் இருந்த இரண்டு பையன்கள், ஓடுகிற அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, ஜன்னல் வழியாகப் போனைத் தூக்கிவிட்டார்கள். அவனுக்கு எதற்குப் பயம் என்று எனக்குப் புரிந்தது. என்னைவிட நன்றாக யாருக்குப் புரியும்?

ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. இதுதான்டா உங்கள் பிசினஸ் என்று பஸ் கேட்கச் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. அப்புறம் அந்த அம்மாவைப் பார்த்தேன். முதல் தூறல் விழுந்துவிட்டது. அவள் மறுபடியும் பலகையிடம் ஓடினாள். போன வருடம் முளைத்த நெல் ஞாபகம் வந்தது. பையை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

சாலை ஓரத்தில் செருப்பைக் கழற்றினேன். சுடிதார்க் காலைச் சுருட்டிவிட்டு நெல்லில் கால் வைத்தேன். அடி நெல் இன்னும் சூடாக இருந்தது. பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து நெல்லை ஒதுக்கிக்கொண்டே கைகளை விரித்து நடந்தேன், எனக்கு எப்படி வருமோ அப்படியே. ஜன்னலில் இருந்த போன்கள் என் பக்கம் திரும்பின. நிமிர்ந்து பார்த்தேன்.

“எடுங்க” என்றேன். “இந்தத் தடவ முகம் தெரியற மாதிரி எடுங்க.”

ஒரு போன் உள்ளே போனது. இன்னொன்று கொஞ்ச நேரம் இருந்து அதுவும் போனது. லாரி ஒதுங்கியது, பஸ் கிளம்பியது. கடைசி ஜன்னலில் அவன் முகம் தெரியவில்லை.

அந்த அம்மா நான் யார் என்று கேட்கவில்லை. கேட்க நேரமில்லை. அவள் பலகையை இழுத்தாள், நான் தள்ளினேன். பெருக்கிக் குவித்து, படுதாவின் இரண்டு முனையை அவளும் இரண்டு முனையை நானும் பிடித்து இழுத்து மூடி, மேலே கல் வைத்தபோது மழை கொட்டத் தொடங்கியது. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் போய் நின்றோம். நெல் தப்பித்தது. சுணை கழுத்தில் அரித்தது.

அப்போதுதான் அவன் வந்தான். அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்க வேண்டும், தொப்பலாக நனைந்திருந்தான். என்னைப் பார்த்ததும் பத்தடி தள்ளியே நின்றுவிட்டான்.

“எங்கடா போன? இந்தப் பொண்ணு எறங்கி வரலைன்னா இன்னிக்கு நெல்லு போயிருக்கும்” என்றாள் அவன் அம்மா. தலைத்துண்டை அவிழ்த்து, தன் தலையைத் துடைக்காமல் என்னிடம் நீட்டினாள். “ஓரமாப் போயி செருப்பக் கழட்டினப்பவே நெனச்சேன், இது நெல்லுல பழகுன காலுன்னு. எந்த ஊரும்மா நீ? யாரு வீட்டுப் பொண்ணு? எம் புள்ளையோட படிக்கிறியா?”

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று கெஞ்சுகிற பார்வை. வராந்தாவில் நானும் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன், யாரும் நிறுத்தவில்லை.

“கூடத்தாம்மா படிக்கிறேன்” என்றேன். “நான் நெல்லு துழாவுற வீடியோ ஒண்ணு உங்க பையன்கிட்ட இருக்கு. காட்டச் சொல்லிப் பாருங்க. கடைசி சாலு மட்டும் கொஞ்சம் கோணியிருக்கும்.”

துண்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்குக் கை காட்டினேன்.